வெள்ளிக்கிழமைத் துயரம்

என் நிழல் மாரத்தான் ஓடி முடித்தது ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. நான் அப்போது டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் உட்கார்ந்து வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். திரையில் பேட்டையிலிருந்து கிளம்பிய பச்சைப் புள்ளி சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டிப் பாபநாசத்தில் போய் நின்றது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான் ஓடினால் ஆறு மணி நேரம் பத்து நிமிஷம் ஆகுமாம். நிழல் எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறதற்கு மூச்சா வாங்கப்போகிறது?

"பாஸ் ஆயிட்டீங்க ஐயா," என்றார் டாக்டர். "இருபத்தெட்டாம் தேதி நீங்க ஓடலாம்."

"ஓடுனது நான் இல்லையே டாக்டரம்மா. நான் கடலைலா தின்னுட்டு இருக்கேன்."

"கடலையைச் சொல்லிட்டீங்களா அதுகிட்ட?"

"சொல்லிட்டேன். முப்பது கிராம்."

எனக்குப் பெயர் பிரம்மநாயகம். பாளையங்கோட்டை. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். அதில் பாதிக்கு மேல் இந்தப் பாபநாசம் ரோட்டில்தான். உட்கார்ந்து உட்கார்ந்தே சர்க்கரையை வரவழைத்துக்கொண்டவன். பத்தொன்பது வருஷமாக அது என்னோடு குடித்தனம் நடத்துகிறது. இடது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன்பு புண் பழுத்து, காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது எடுத்துவிட்டார்கள். அதற்காக நான் யாரிடமும் ஒப்பாரி வைத்தது கிடையாது. கால் மிச்சம் இருக்கிறதே, அது போதாதா?

மிச்சம் இருந்த காலை வைத்து நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. இத்தனை வருஷம் உட்கார்ந்தே போன ரோட்டில் ஒரே ஒரு தரமாவது என் காலால் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துவிட்டது. மார்கழியில் நடக்கும் பொருநை நெடு ஓட்டம் அதே ரோட்டில்தான். ஆனால் சட்டம் இருக்கிறது. அறுபது தாண்டிய சர்க்கரைக்காரர் என்றால், அவருடைய நிழல் முதலில் ஓடி முடிக்க வேண்டும். அறுபத்தேழு முடிந்துவிட்டால் நிழல் பறந்தே போனாலும் விடமாட்டார்கள். எனக்குத் தை மாதம் அறுபத்தேழு முடிகிறது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

நிழல் என்றால் என்ன என்று என்னோடு ஓடுகிற மைதீன் ஒரு நாள் கேட்டான். மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அறுபத்தொரு வயசு, சர்க்கரை கிர்க்கரை ஒன்றும் கிடையாது, கொடுத்துவைத்தவன்.

"நம்ம வண்டிக்கு முன்னால ஒரு மணி நேரம் தள்ளி, அதே மாதிரி இன்னொரு வண்டி போகுதுன்னு வச்சுக்க," என்றேன். "அது பள்ளத்துல எறங்குனா நமக்குத் தகவல் வந்துரும். நாம முன்னாலயே பிரேக் போட்டுக்கிடலாம். அந்த மாதிரி என் ஒடம்புக்கு ஒரு நகல் கம்ப்யூட்டர்ல கெடக்கு. நான் திங்கிறது, ஒறங்குறது, ஓடுறது எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கழிச்சு எனக்குச் சர்க்கரை ஏறுமா எறங்குமான்னு அது பாத்துச் சொல்லும். இடுப்புல இருக்க இந்தக் குட்டி பம்ப்பு அதக் கேட்டு இன்சுலின் விடும்."

"திங்கிறது எப்படித் தெரியும்? கண்ணு இருக்கா?"

"கண்ணு ஏது? சர்க்கரை ஏறுனா மணிக்கட்டுல இருக்க இந்த வாட்ச்சுல கேக்கும், சாப்பிட்டீர்களான்னு. நாம சொல்லணும்."

"நீங்க சொல்லுறத அப்படியே நம்பிருமா அண்ணாச்சி?"

"என்னைய நம்பாம பின்ன யாரை நம்பும்?" என்றேன்.

அந்தப் புதன்கிழமை, கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது டாக்டர் ஜெசிந்தா உட்காரச் சொன்னார்.

"ஒரு விஷயம் கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒங்க மனசுக்கு என்ன செய்யுது?"

எனக்குப் புரியவில்லை. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாக ஒரு வருஷம். வாரத்துக்கு ஒரு சிவப்புக் கட்டம், ஒரே வரிசையில்.

"நாப்பத்துமூணு வெள்ளிக்கிழம. ஆறரைலேந்து ஏழு மணிக்குள்ள சர்க்கரை சுர்ருன்னு ஏறுது. அன்னைக்கு நீங்க விரதம். சாப்பிட்டீங்களான்னு நிழல் ஒவ்வொரு வாரமும் கேட்டுருக்கு. நீங்க இல்லன்னு சொல்லிருக்கீங்க. சாப்பாடு இல்ல, காய்ச்சல் இல்ல, ஓட்டம் இல்ல. அப்ப மிச்சம் என்ன? மனசுல பெரிய கஷ்டம் வந்தா ஒடம்பு தானா சர்க்கரையை எடுத்து ரத்தத்துல கொட்டும். இவருக்கு வெள்ளிக்கிழம தோறும் தாங்க முடியாத துக்கம் வருதுன்னு நிழல் முடிவு பண்ணிட்டு."

"துக்கமா? எனக்கா?"

"கண்ணு கலங்குமா ஐயா?"

யோசித்தேன். கோயிலில் தீபாராதனை காட்டும்போது கலங்கும். ஆனால் அது சூடப் புகை. அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அதே குழப்பம். துக்கம் வந்தால் அது வந்தவனுக்குத் தெரியாதா? பல்வலி வந்தால் தெரிகிறது. எங்கள் அப்பா இறந்த அன்று காரியத்தை முடித்துவிட்டு மறுநாளே டூட்டிக்குப் போனவன் நான். டிப்போவில் எல்லாரும் என்னைக் கல்நெஞ்சன் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? இப்போது ஒரு மிஷின் வந்து, நீ வாரா வாரம் அழுகிறாய் என்கிறது. அது என் உடம்பைப் பத்து விநாடிக்கு ஒரு தரம் பார்க்கிறது. நான் என்னைப் பார்ப்பது சவரம் செய்யும்போது மட்டும்தான். யார் சொல்வதை நம்புவது?

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் தெருக்கோடியில் முப்பிடாதி அம்மன் கோயில். இன்றைக்குத் துக்கம் எந்தப் பக்கமாக வருகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்துப் போனேன். மணி அடித்தது. தீபாராதனை நடந்தது. கண் கலங்கியது. புகையா, துக்கமா? ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன், அங்கேயும் கலங்கியது. அம்மனிடமே கேட்டுப் பார்த்தேன். அவள் எப்போதும்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைத் தேடி வந்த மைதீன் கோயில் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தான். நான் வெளியே வந்து அவனோடு பேசியபடியே நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தான்.

"இன்னைக்கு விரதம்னீங்க?"

"ஆமா. காலைலேந்து பச்சத்தண்ணி."

"கையில என்ன?"

"பிரசாதம்."

"பிரசாதம்னா?"

"சக்கரைப் பொங்கல்," என்றேன். தொன்னையில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. பூசாரி எனக்கு எப்போதும் ரெண்டு கரண்டி போடுவார், பழைய டிரைவர் என்கிற மரியாதை. நெய் ஒழுகும்.

மணிக்கட்டில் நிழல் கேட்டது: "சர்க்கரை ஏறுகிறது. ஏதாவது சாப்பிட்டீர்களா?"

"இல்லை," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

மைதீன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிப் போட்டுவிட்டுக் கோயில் மதிலோரம் உட்கார்ந்து சிரித்தான், சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவன் தொன்னையைச் சுட்டிக் காட்டினான். அப்போதும் அரை நிமிஷம் ஆயிற்று. பிரசாதத்தைச் சாப்பாட்டில் யார் சேர்ப்பார்கள்? எங்கள் வீட்டில் விரதம் இருக்கிறவர்கள் முதலில் வாயில் போடுவதே பிரசாதத்தைத்தான். அது வயிற்றுக்குப் போகிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"ஒங்க துக்கத்துல முந்திரிப்பருப்பு கெடக்கு அண்ணாச்சி," என்றான்.

நானும் சிரித்தேன். பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "இப்பமே அதுகிட்டச் சொல்லிருதேன்," என்று மணிக்கட்டைத் தூக்கினேன். மைதீன் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது.

"ஓடிப் பாஸான நிழலு எது? துக்கம் இருக்க நிழல்தானே? இப்பச் சொன்னா அது வேற ஆளாயிரும். மறுபடி ஓடச் சொல்லுவாவ. பெயிலாச்சுன்னா? இன்னும் ரெண்டு வாரம் வாயத் தொறக்காதீங்க. ஓடி முடிச்சுட்டு முந்திரிப்பருப்பு வரைக்கும் சொல்லுங்க."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நான் என்ன கொலையா செய்தேன்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்டது. என் நிழலின் குரல்தான், ஆனால் என் மனைவியின் போனிலிருந்து.

"உங்கள் கணவர் பிரம்மநாயகம் தற்போது மிகுந்த மனவேதனையில் இருக்கிறார். அவரிடம் அன்பாகப் பேசுங்கள். தனியாக விட வேண்டாம்."

உள்ளே போனேன். என் மனைவி ஆவுடையம்மாள் ஈரக் கையோடு போனைப் பிடித்துச் சத்தத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடமிருந்து ஒரு பொருளை ஒளித்து நான் பார்த்ததில்லை.

"இது எம்புட்டு நாளா வருது?" என்று கேட்டேன்.

"போன மாசிலேந்து."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொல்லக் கூடாதுன்னு அதுல போட்டுருந்துச்சு. சொன்னா நீங்க இன்னும் ஒடைஞ்சு போயிருவீயளாம்."

அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் நினைவுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை என்றால் அவள் என்னிடம் எதற்கும் சண்டை போடுவதில்லை. கால்மாட்டில் வந்து உட்காருவாள். பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பாள், அவளுக்கும் பேப்பருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வயசானால் பெண்களுக்கு அன்பு கூடும்போல என்று நான் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு வேதனையும் இல்ல ஆவுடை."

"இருக்கும். எனக்குத் தெரியும். அன்னைக்கும் வெள்ளிக்கிழமதான்."

"என்னைக்கு?"

அவள் என் இடது காலைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடுங்கன்னு பேப்பரை நீட்டுனாவ. ஒங்கள எழுப்பிக் கேக்கணும்னேன். நெனவு இல்ல, நேரமும் இல்லன்னாவ. சாயங்காலம் ஆறே முக்கால். போட்டுட்டேன். மறுநாள் நீங்க முழிச்சு, போர்வையைத் தூக்கிப் பாத்தீய. ஒரு வார்த்த சொல்லல. யாரு கையெழுத்துப் போட்டான்னு கேக்கல. காப்பி இருக்கான்னு கேட்டீய. நாலு வருஷம் ஆச்சு. இன்னும் கேக்கல. அந்த ஆத்திரத்துலதானே இப்படிக் கெடந்து ஓடுதீய? எனக்குத் தெரியாதா?"

எனக்குக் காப்பி கேட்டதுகூட ஞாபகம் இல்லை. விரல் போனதற்கு அவளைக் குறை சொல்லலாம் என்பதே எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றியதில்லை. ஆனால் அவள் அத்தனை உறுதியாகச் சொன்னபோது எனக்கே சந்தேகம் வந்தது. தோன்றியதில்லையா, அல்லது தோன்றவிடவில்லையா?

"ஆவுடை, அது துக்கம் இல்ல. பொங்கலு. கோயில் பொங்கல்ல சர்க்கரை ஏறிருக்கு. நான் அத மிஷின்ட்டச் சொல்லல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிரசாதம் சாப்பாடாங்க?"

"சாப்பாடுதாம்போல."

"அம்மன் பிரசாதத்துல நோவு கூடுமா? யாராவது கேட்டா சிரிப்பாவ. என்னைய சமாதானப்படுத்தணும்னு வாயில வந்ததச் சொல்லாதீய."

"சத்தியமா பொங்கல்தாட்டி."

"மிஷினுக்கு எம்மேல என்ன பகை? அது எதுக்குப் பொய் சொல்லப்போவுது?" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நான் சொன்னால் நம்பமாட்டாள். மிஷின் சொன்னால் நம்புவாள். மிஷினிடம் நான் சொல்லிவிட்டால் பாபநாசம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மைதீனோடு பாளையங்கால்வாய்க் கரையில் ஓடும்போது இதையெல்லாம் சொன்னேன்.

"பதிமூணு நாள் அண்ணாச்சி. நாலு வருஷம் பொறுத்தவங்க பதிமூணு நாள் பொறுக்க மாட்டாங்களா?"

"அந்த நாலு வருஷம் அவ பொறுத்துட்டு இருக்கான்னே எனக்குத் தெரியாதே," என்றேன். "இப்பத் தெரிஞ்சிட்டே."

என்னைவிட நன்றாக ஓடுகிறவன், அன்று எனக்குப் பின்னாலேயே வந்தான்.

திங்கட்கிழமை ஆவுடையைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜெசிந்தாவிடம் போனேன். முழங்கால் வலி என்று எங்கேயும் வராதவள், இதற்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் கொஞ்ச நேரம் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சர்ச்சுல நற்கருணை வாங்குறத நானும் சாப்பாட்டுல சேத்தது இல்ல," என்றார். "சரி, சொல்லுங்க அதுகிட்ட. ஆனா ஐயா, சொன்னா நிழல் பூராவும் மாறும். அனுமதியை மறுபடி பாக்கணும். தெரியும்லா?"

"தெரியும்," என்றேன். மணிக்கட்டைத் தூக்கிப் பேசினேன். "நாப்பத்துநாலு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் ஒரு தொன்னை சக்கரைப் பொங்கல்."

"இல்லை என்று முன்பு சொன்னீர்கள். எது சரி?" என்று நிழல் கேட்டது.

"ரெண்டும் சரிதான். சாப்பிடல. பிரசாதம் வாங்கிக்கிட்டேன்."

"ஐயா, ஏதாவது ஒரு பதிலச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"சாப்பிட்டேன்," என்றேன். அம்மன் மன்னிக்க வேண்டும்.

திரையில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. மாசி, பங்குனி, சித்திரை என்று வரிசையாக. ஆவுடை நாற்காலி நுனிக்கு வந்து, விரலை நீட்டி, வெளுத்த கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசிக் கட்டமும் வெளுத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொங்கல்தானா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை நான் அப்போது நன்றாக உணர்ந்தேன், அதில் குழப்பம் எதுவும் இல்லை.

பிறகு டாக்டர் நிழலை ஓடவிட்டார். பேட்டை, சேரன்மாதேவி, வீரவநல்லூர். பச்சைப் புள்ளி கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுவில் மஞ்சளானது. அப்புறம் சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது. முப்பத்தோராவது கிலோமீட்டர். அந்தப் பாலத்தின் மேல் நான் பல்லாயிரம் தடவை பஸ்ஸைக் கொண்டுபோயிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்றதில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்று ஆவுடை கேட்டாள்.

"விழுந்துட்டாரு. சர்க்கரை எறங்கி மயக்கம்." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கஷ்டம் வந்தா ஒடம்பு சர்க்கரையை எடுத்து விடும்னு சொன்னேம்லா? ஒங்க ஈரல்ல அப்படி ஒரு பெரிய இருப்பு இருக்குன்னு நிழல் நெனச்சிட்டு இருந்துச்சு. எறங்குற நேரத்துல அது கைகுடுக்கும்னு நம்பி ஓடுச்சு. அது இருப்பு இல்ல, பொங்கலுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"வழியில குளுக்கோஸ் குடிப்பேன்லா?"

"அதையும் சேத்துத்தான் ஓடுச்சு. பத்தொன்பது வருஷச் சர்க்கரையில ஒங்க வயிறு மெதுவாயிட்டு. குடிச்சது ரத்தத்துல சேர அரை மணி ஆவுது. அதுக்குள்ள விழுந்துட்டீங்க. என்னால கையெழுத்துப் போட முடியாது ஐயா."

நான் இதுவரை அதிகபட்சம் ஓடியது இருபத்தெட்டு கிலோமீட்டர். முப்பத்தொன்றில் விழுவேனா மாட்டேனா என்று எனக்கு எப்படித் தெரியும்? துக்கம் இருந்த பிரம்மநாயகம் பாபநாசம் போய்விட்டான். துக்கம் இல்லாதவன் பாலத்தில் கிடக்கிறான். நான் இந்த ரெண்டு பேரில் யார் என்று கேட்கலாம்போல் இருந்தது. கேட்டால் ஆவுடை பயந்துவிடுவாள் என்று கேட்கவில்லை. போகட்டும், அவள் நம்பிவிட்டாள், வந்த காரியம் முடிந்தது என்று எழுந்தேன்.

"இருங்க," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. "இது என்னது?"

வெளுத்த கட்டங்களுக்கு நடுவே பொடிப் பொடியாகச் சிவப்பு. மிளகாய் விதை அளவுதான். ஆனால் அனேகமாக எல்லா நாளிலும் இருந்தது.

"வெள்ளிக்கிழம பெருசா இருந்ததுல இது தெரியாமப் போயிருக்கு. காலையில அஞ்சு பத்து, அஞ்சேகாலு. சின்ன ஏத்தம்."

"விடிகாலைல எல்லாருக்கும் ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதைக் கழிச்சுட்டுத்தான் காட்டுது. நீங்க ஓடப் போவாத நாள்ல இது இல்ல. ஓட ஆரம்பிக்கதுக்கு முன்னால வருது. குனிஞ்சு, ரெண்டு நிமிஷம் அப்படியே இருக்கீங்க. அப்பத்தான் வருது." அவர் பெரிதாக்கிப் பார்த்தார். "ஷூ மாட்டுற நேரம்."

ஆவுடை திரையைப் பார்க்கவில்லை. என் காலையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையெழுத்துப் போட்ட கை.

நிழல் கேட்டது: "காலை ஐந்து பத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

அது கேட்டால் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிப் பழகியவன் நான். தலைக்குள் தேடினேன். ஒன்றும் சாப்பிடுவதில்லை. எழுந்து, பல் தேய்த்து, ஷூ மாட்டி, போய்விடுவேன். அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் என்ன நினைக்கிறேன்? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

"ஆமா," என்றேன். "ஒரு பேரீச்சம்பழம். ஓடப் போகும் முன்ன வாயில போட்டுக்கிடுவேன். அதையும் சொல்லாம விட்டுட்டேன்."

டாக்டர் ஜெசிந்தா என்னை வெகுநேரம் பார்த்தார். திரையில் மிளகாய் விதைகள் எல்லாம் ஒரே வீச்சில் மறைந்தன.

"அப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்," என்றார் மெதுவாக. "நாளையிலேந்து அந்தப் பழத்துக்குன்னு முன்கூட்டியே மருந்து போகும். தெனமும் சாப்பிட்டே ஆகணும். சாப்பிடலன்னா சர்க்கரை எறங்கிரும்."

"எப்பவும் சாப்பிடுறதுதானே," என்றேன்.

சாயங்காலம் மைதீன் வந்தான். ஓட்டம் இல்லை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு, "காலைல வழக்கம்போல கால்வாய்க்கரைக்கு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் படுத்தேன். ஐந்து மணிக்கு முழிப்புத் தட்டிவிட்டது. பழக்கதோஷம். வெளி அறையில் உட்கார்ந்து இடது ஷூவை எடுத்தேன். விரல் இல்லாத இடத்தில் ஷூ தொளதொளக்கும், அங்கே பஞ்சு உருட்டி வைப்பேன். பஞ்சை உருட்டிக்கொண்டு குனிந்தேன். இன்றைக்கு நன்றாகக் கவனித்தேன். நெஞ்சில் ஏதோ அடைத்தது. தினமும்தான் அடைக்கிறது. குனிந்தால் தொப்பை அழுத்துகிறது என்று நினைத்திருந்தேன். இப்போதும் தொப்பையாக இருக்கலாம்.

அப்போதுதான் பழம் ஞாபகம் வந்தது. வீட்டில் பேரீச்சம்பழம் ஏது? நிழல் இந்நேரம் அந்த மருந்தை விட்டிருக்கும். அடுக்களையில் சீனியாவது இருக்குமா என்று எழப்போனேன்.

ஆவுடை எதிரே நின்றிருந்தாள். உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழம்.

"வாயில போடுங்க. நேரமாச்சு."

"இது எங்க கெடச்சுது?"

"நேத்து மைதீன் தம்பிட்டச் சொல்லி வாங்குனேன்."

வாங்கி வாயில் போட்டேன். அவளிடம் பொய்யை வைத்துக்கொண்டு மெல்ல முடியவில்லை.

"ஆவுடை, நான் தெனமும் பழம் திங்கல."

"தெரியும். நீங்க எந்திச்சதுலேந்து கதவச் சாத்துற வரைக்கும் நான் கண்ண மூடி முழிச்சுட்டுத்தான் கெடப்பேன். நாலு வருஷமா."

"பொறவு டாக்டர்ட்ட ஏன் சும்மா இருந்த?"

"நீங்க எதுக்குச் சொன்னீயன்னு தெரிஞ்சிச்சு."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், அவளுக்கு அது தெரியும். என் கையிலிருந்த பஞ்சை வாங்கி, ஷூவுக்குள் விட்டு, விரல் இல்லாத இடத்தில் அமுக்கி வைத்தாள். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டாள்.

நான்கு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியல," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கும்போல," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஷூவை மாட்டிவிட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு வலது கையை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கொட்டையத் துப்புங்க," என்றாள்.